பெங்களூருக்குப் புதிதா? டெக் செய்தியில் கலாய்க்கவும் வாதாடவும் ஒரு வழிகாட்டி

எலக்ட்ரானிக் சிட்டியிலோ மாரத்தஹள்ளியிலோ பி.ஜி. விடுதி பிடித்துப் பெட்டியை இறக்கிவைத்த சில நாட்களிலேயே யாராவது உங்களை ஒரு தமிழ் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் ஊருக்குப் பஸ் விசாரிக்க ஆரம்பித்த குழுவாக இருக்கும். ஆனால் அங்கே நாள் முழுக்க ஓடுவது வேறு பேச்சு: ஆதாரை எங்கெல்லாம் கேட்கலாம், ஏ.ஐ. நம் வேலைக்கு உலை வைக்குமா, வாரத்துக்கு 70 மணி நேர வேலை நியாயமா, எந்தப் பதிவை அரசு நீக்கச் சொன்னது, ஆண்ட்ராய்டா ஐபோனா. அதே பேச்சு எக்ஸ் தளத்திலும் டெலிகிராமிலும் தொடரும்.

இதை வெட்டிப்பேச்சு என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாம் சம்பாதிப்பதும் பணம் அனுப்புவதும் அம்மாவோடு பேசுவதும் இந்த வலைக்குள்தான் நடக்கிறது. அதை யார், எந்த விதியால் நடத்துகிறார்கள் என்று சண்டை போடுவது குடிமகன் வேலை. அதை நன்றாகச் செய்ய இரண்டு விஷயம் வேண்டும்: சிரிப்பு சரியான ஆள் மேல் விழ வேண்டும், வாதம் ஏதாவது ஒரு ஆவணத்தின் மேல் நிற்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

முதல் வாரம் படிக்க மட்டும் செய்யுங்கள்

குழுவில் யார் யார் என்று தெரியாமல் வாயை விட வேண்டாம். “அந்த ஆப்பா? குப்பை” என்று நீங்கள் எழுதும்போது, அந்த ஆப்பை உருவாக்கும் டீமில் இருப்பவரே அதே குழுவில் இருக்கலாம். பெங்களூரில் இது சர்வ சாதாரணம். அவர் மனம் நொந்து ஒதுங்கிப் போனால் நஷ்டம் நமக்குத்தான். சர்வர் விழுந்த அன்று உள்ளே என்ன நடந்திருக்கும் என்று விளக்கிச் சொல்லத் தெரிந்த ஆள் அவர்.

வயது தெரியாதவரை ‘ப்ரோ’ என்றோ ‘ஜி’ என்றோ கூப்பிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூத்தவர் என்று தெரிந்தால் ‘அண்ணே’, ‘சார்’. ‘டா’ போடுவதை நேரில் ஒரு தடவையாவது டீ குடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அல்சூர், ஸ்ரீராம்புரம் பக்கம் பல தலைமுறையாக வாழும் தமிழர்களும் இருப்பார்கள். அவர்கள் தமிழில் கன்னடம் கலந்து வரும். அதைக் கிண்டல் பண்ணாதீர்கள். இந்த ஊர் அரசியலைப் பற்றி நம்மைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

ஒரு பெண் கெர்னல் பற்றியோ குறியாக்கம் பற்றியோ எழுதினால், “யார் சொல்லிக்கொடுத்தா சிஸ்?” என்று கேட்க எப்படியும் ஒருவர் வருவார். அந்த இடத்தில் சும்மா இருக்காதீர்கள். “அவங்க கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க ப்ரோ” என்று ஒரு வரி போட்டால் போதும். அந்த ஒரு வரி இல்லாததால் வாயைத் திறக்காமலே வெளியேறிய நல்ல ஆட்கள் நிறையப் பேர்.

சுடச்சுட வந்த செய்தி: முதல் சில மணி நேரம்

இந்தப் படிக்கு 2024 ஜூலை 19ஐ விட நல்ல பாடம் கிடையாது. வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9:39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு அப்டேட் அனுப்பியது. உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு படுத்துவிட்டன. 10:57க்கு அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் படுத்த கணினி ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் எழுப்பி, அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம். நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பெங்களூரிலும் பயணிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

அன்று காலை வந்த முதல் அலைச் செய்திகள் எல்லாம் “மைக்ரோசாஃப்ட் முடங்கியது” என்றே ஓடின. அதற்குச் சில மணி நேரம் முன்புதான் மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையிலும் தனியாக ஒரு கோளாறு ஏற்பட்டிருந்தது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். இதற்கிடையில் பெல்ஜியத்தைச் சேர்ந்த நையாண்டிக்காரர் ஒருவர், தான் கிரவுட்ஸ்ட்ரைக் ஆபீஸ் முன்னால் நிற்பதுபோல் ஒரு படத்தைத் தயார் செய்து, இன்று வேலையில் முதல் நாள், சின்னதாக ஒரு அப்டேட் தள்ளிவிட்டேன், மதியம் லீவு எடுத்துக்கொள்கிறேன் என்ற பொருளில் எழுதிப் போட்டார். பார்த்தவுடன் சிரிக்க வேண்டிய பதிவு. அதை உண்மை என்று நம்பி அவரைத் திட்டியவர்கள் ஏராளம்.

இதிலிருந்து இரண்டு பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். காரணம் உறுதியாகத் தெரியும்வரை, நடந்ததைப் பற்றி மட்டும் சிரியுங்கள். யார் செய்தது என்பதைப் பற்றிச் சிரிக்கக் காத்திருங்கள். “போர்டிங் பாஸைப் பேனாவுல எழுதுறாங்க. கையெழுத்துக்கு மார்க் குறைச்ச மிஸ் இன்னிக்கு ஜெயிச்சுட்டாங்க” என்பது காரணம் தெரியும் முன்பே சொல்லக்கூடிய ஜோக். யார் மேலும் பொய்ப்பழி இல்லை. இரண்டாவது, உங்கள் ஜோக்கை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, உங்களை யாரென்றே தெரியாத இன்னொரு குழுவில் போட்டாலும் அது ஜோக் என்று தெரிய வேண்டும். நிஜச் செய்தி மாதிரியே தலைப்பு, சேனல் சின்னம், தேதி எல்லாம் வைத்துச் செய்யும் மீம் எனக்குப் பிடிக்காது. மூன்றாவது ஃபார்வேர்டில் அது செய்தியாகவே மாறிவிடும். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வரும் எதுவும் பல கை மாறி வந்தது. அதை நம் குழுவில் போடும்முன் ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள்.

கலாய்ப்பு யார் மேல் விழுகிறது?

அதே நாளில் பலர் எழுதியது: “விண்டோஸ் வச்சிருக்கவன் செத்தான், லினக்ஸ்காரன் சிரிக்கிறான்.” இந்த ஜோக்கில் இரண்டு ஓட்டை. சிரிப்பு விழுவது, ஆபீஸ் கொடுத்த கணினியை வேறு வழியில்லாமல் பயன்படுத்தும் கவுன்ட்டர் ஊழியர் மேல். தகவலும் அரைகுறை. அதே ஆண்டு சில மாதங்களுக்கு முன்னால் அதே நிறுவனத்தின் மென்பொருள், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் ஓடும் சர்வர்களையும் விழவைத்திருந்தது.

இப்போது விஷயம் தெரிந்தவர் சொல்லும் ஜோக்கைப் பாருங்கள். ஆகஸ்ட் 6 அன்று அந்த நிறுவனம் மூல காரணத்தை விளக்கி அறிக்கை வெளியிட்டது. அவர்களுடைய மென்பொருள் 20 உள்ளீடுகளை எதிர்பார்த்திருக்க, அப்டேட்டில் 21 வந்தது. 21ஆவதைத் தேடி நினைவகத்தில் எல்லை தாண்டிப் போய்ப் படித்ததால் கணினி விழுந்தது. இதைப் படித்தவர் இப்படி எழுதலாம்: “இருபது இலை போட்ட பந்தியில இருபத்தோராவது ஆளைத் தேடிப் போனாங்க. சாம்பார் வாளியோட கிணத்துல விழுந்துட்டாங்க.” சிரிப்பு தப்பு செய்த இடத்திலேயே விழுகிறது. ஏன் விழுந்தது என்பதும் கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது. டெக் ஜோக்கில் நான் மதிப்பது இந்த வகையைத்தான். அறிக்கை வந்து இரண்டு வாரம் கழித்துச் சொன்னாலும் அது பழசாகாது.

பெரிய இடத்து ஆட்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2016 பிப்ரவரியில், சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு இந்தியாவில் கதவு அடைக்கப்பட்டபோது, ஃபேஸ்புக் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன், காலனிய எதிர்ப்பால் இந்தியர்கள் பொருளாதாரத்தில் நாசமானார்கள் என்ற தொனியில் குத்தலாக ஒரு ட்வீட் போட்டார். அந்த விதியில் என்ன குறை என்று அவர் சொல்லியிருந்தால் நாம் பதில் சொல்லியிருப்போம். அவர் கை வைத்தது ஒரு நாட்டின் விடுதலைப் போராட்டத்தில். ட்வீட்டை நீக்கி மன்னிப்புக் கேட்டார். அது தன் கருத்து இல்லை என்று மார்க் சக்கர்பெர்க்கும் எழுத வேண்டியதாயிற்று. முடிவைத் தாக்குங்கள், விதியைத் தாக்குங்கள், அதைப் போட்டவரின் வாதத்தைத் தாக்குங்கள். பிறப்பு, மொழி, ஊர் பக்கம் கையை நீட்டிய உடனே நீங்கள் தோற்றுவிட்டீர்கள்.

வாதாடும் முன் தாளைப் படியுங்கள்

2024 ஜூலையில் பெங்களூர்த் தமிழ்க் குழுக்கள் எல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தன. தனியார் நிறுவனங்களில் உள்ளூர்க்காரர்களுக்கு இடஒதுக்கீடு தரும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருந்தது. சி, டி பிரிவு வேலைகளில் கன்னடிகர்களுக்கு நூறு சதவீதம் என்று முதல்வர் சித்தராமையாவின் கணக்கிலிருந்து ஒரு பதிவு வந்தது. பிறகு அது நீக்கப்பட்டது. நிர்வாகப் பணிகளில் 50, மற்றவற்றில் 70 சதவீதம் என்பதே மசோதாவில் இருந்த எண். நிறுவனங்கள் எதிர்த்தன, ஜூலை 17 அன்றே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது.

பெரும்பாலானவர்கள் அந்த ‘நூறு’ என்ற எண்ணை வைத்தே சண்டை போட்டு ஓய்ந்தார்கள். மசோதாவில் ‘உள்ளூர்க்காரர்’ யார் என்பதற்கு விளக்கம் இருந்தது: கர்நாடகத்தில் பிறந்து, 15 ஆண்டு வசித்து, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்தவர். அதாவது அல்சூரில் பிறந்து, பள்ளியில் கன்னடம் படித்த தமிழ்ப் பிள்ளை அதற்குள் வரக்கூடும். நேற்று ஓசூரிலிருந்து வந்த நான் வர மாட்டேன். இந்த ஒரு வரியைப் படித்தவுடன் சண்டையின் முகமே மாறிவிடுகிறது. “தமிழனைத் துரத்துறாங்க” என்ற கூச்சல் எடுபடாது, “தனியார் மேனேஜர் வேலைக்கு மொழித் தேர்வு எதுக்கு, அதை யார் நடத்துவாங்க?” என்ற கேள்வி நிற்கும். எனக்கு அந்த மசோதா அப்போதும் உடன்பாடில்லை, இப்போதும் இல்லை. ஆனால் அதை எதிர்க்க நான் எடுத்துக்கொள்ளும் ஆயுதம் இரண்டாவது கேள்விதான்.

எந்தச் செய்திக்கு எதைப் படிப்பது? கட்டணம், நெட் நியூட்ராலிட்டி (எல்லாத் தளத்தையும் ஆப்பையும் இணைய நிறுவனம் சமமாக நடத்துவது), ஸ்பேம் அழைப்பு என்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், மக்களிடம் கருத்துக் கேட்டுத் தன் தளத்தில் போடும் ஆலோசனைத் தாள். சட்டம், விதி என்றால் அரசிதழ். தடை, நீக்கம் என்றால் நீதிமன்ற உத்தரவு. அதிலும் முதலில் கடைசிப் பக்கங்கள். சேவை முடங்கியது என்றால் நிறுவனம் பிறகு வெளியிடும் விளக்க அறிக்கை. முழுசாகப் படிக்க நேரம் இல்லையா? வரையறைப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். நமக்குள் நடக்கும் பாதிச் சண்டை அந்தப் பகுதியிலேயே தீர்ந்துவிடும்.

படித்ததைக் குழுவில் போடும்போது இணைப்பைப் போட்டால் மட்டும் போதாது. எந்தப் பக்கம், எந்தப் பிரிவு என்று எழுதி, அந்த வரியைத் தமிழில் ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். எழுபது பக்க பிடிஎஃபைத் தூக்கிப் போட்டுவிட்டுப் “போய்ப் படிங்க” என்பது வாதம் ஆகாது.

சண்டை சூடாகும்போது

“உருட்டு”, “முட்டு”, “சொம்பு” இவை மூன்றும் நம் ஆட்கள் அதிகம் எறியும் சொற்கள். வேடிக்கையாகச் சொல்லும்வரை பரவாயில்லை. “இருநூறு ரூபாய்” என்றோ “சங்கி” என்றோ முத்திரை குத்தியபின் எதிராளி என்ன சொன்னாலும் யார் காதிலும் ஏறாது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பத்தாவது மெசேஜில் அவரவர் கட்சியின் பழைய பாவங்களில் போய் நிற்போம்.

நான் கடைப்பிடிப்பதும் உங்களைக் கேட்டுக்கொள்வதும் இது: எதிராளி சொன்னதை முதலில் அவரே ஒப்புக்கொள்ளும்படி ஒரு வரியில் திரும்பச் சொல்லுங்கள். “நீங்க சொல்றது, ஆப்புக்குத் தடை போட்டது பாதுகாப்புக்காக, சரியா?” அவர் ஆமாம் என்றபின் உங்கள் கேள்வி: “2020 ஜூன்ல 59 ஆப்பைத் தடை பண்ணாங்க. ஒவ்வொண்ணுக்கும் என்ன காரணம்னு நமக்குத் தனித்தனியா சொன்னாங்களா?” இப்படிப் போனால் மூன்று மெசேஜில் உண்மையான கருத்து வேறுபாடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். மூன்று தடவை போய்வந்தும் நகரவில்லை என்றால் தனிச் செய்திக்குப் போங்கள், அல்லது சனிக்கிழமை டீக்கடைக்குக் கூப்பிடுங்கள். ராத்திரி பதினொன்றரைக்கு மேல் எழுதும் பதிலைக் காலையில் அனுப்புங்கள்.

இது பெங்களூர் என்பதை மறக்காதீர்கள்

தமிழில் எழுதினால் நமக்குள் இருக்கும் என்று நினைப்பது தவறு. இந்த ஊரில் தமிழ் புரியும் கன்னடர்கள் ஏராளம். படிக்கத் தெரியாதவருக்கும் மொழிபெயர்ப்பு ஒரு தட்டலில் கிடைக்கிறது.

2016 செப்டம்பர். காவிரிப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த நாட்கள். கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்து ஃபேஸ்புக்கில் பதிவு போட்டதாகச் சொல்லி ஒரு தமிழ் மாணவரைப் பெங்களூரில் சிலர் பிடித்து அடித்து, அதை வீடியோவும் எடுத்துப் பரப்பினார்கள். அந்த வீடியோவுக்குப் பதிலடி என்று ராமேசுவரத்தில் கர்நாடகத்திலிருந்து வந்த ஓட்டுநர் ஒருவர் தாக்கப்பட்டார்; அந்த வீடியோவும் பரவியது. செப்டம்பர் 12 அன்று மைசூர் சாலைப் பக்கம் ஒரு பணிமனையில் நின்ற, தமிழ்நாட்டு நிறுவனமான கே.பி.என்.னின் பேருந்துகள் முப்பதுக்கும் மேல் எரிந்தன. அடித்தவர்கள் செய்தது குற்றம். எந்தக் கிண்டலும் அதற்கு நியாயம் ஆகாது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரு போன் வீடியோ என்ன வேகத்தில் ஓடியது என்பதைக் கவனியுங்கள். 2012 ஆகஸ்டில், தாக்கப்போகிறார்கள் என்ற வதந்தியை நம்பி வடகிழக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் இதே ஊரிலிருந்து ரயிலேறினார்கள். ஒரே நாளில் ஐந்து எஸ்எம்எஸ்ஸுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று அரசு தற்காலிகமாக உத்தரவு போட வேண்டியிருந்தது.

அதனால் எளிய விதி: ஊர் கொதிக்கும் நாட்களில் மொழி ஜோக் வேண்டாம், அடிதடி வீடியோ ஃபார்வேர்ட் வேண்டவே வேண்டாம். மற்ற நாட்களில் கன்னட நண்பர்களோடு சேர்ந்தே சிரியுங்கள். சில்க் போர்டு டிராஃபிக், வீட்டு வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ், 2025இல் தடை வந்ததும் காணாமல் போன பைக் டாக்சி எல்லாம் இருவருக்கும் பொது. கொஞ்சம் கன்னடம் கற்றுக்கொண்டு அந்தப் பக்கத்து டெக் மீம்களையும் படியுங்கள். எங்கள் குழுவில் கன்னடம் படிக்கத் தெரிந்தவர்கள் வந்தபிறகுதான் மசோதாவையும் அமைச்சர் பேச்சையும் ஆங்கில டிவிக்குக் காத்திருக்காமல் நேரடியாகப் படிக்க முடிந்தது.

சட்டம், ஆபீஸ்

“66ஏல உள்ள போயிடுவ” என்று இன்னும் பயமுறுத்துபவர்கள் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்துவிட்டது. ஆனால் வேறு பிரிவுகள் இருக்கின்றன. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 356ஆவது பிரிவு அவதூறு. 196 மதம், மொழி, சாதி, பிறந்த ஊர் போன்றவற்றின் பெயரால் பகையை வளர்ப்பது. நிறுவனத்தின் முடிவைக் கடுமையாக விமர்சிக்கலாம். ஆதாரம் இல்லாமல் ஒரு தனி ஆளைத் திருடன் என்று எழுதக் கூடாது. குழு அட்மின் ஆக்கிவிட்டார்களே என்று பயப்படுபவர்களுக்கு: வேறொருவர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்தால் பொறுப்பாக்க முடியாது என்று பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாள்களில் சமூக ஊடக விதி ஒன்று இருக்கும். அதை இன்றைக்கே தேடிப் படியுங்கள். உங்கள் கம்பெனி, அதன் வாடிக்கையாளர், உள்ளே நடக்கும் கோளாறு இந்த மூன்றையும் பற்றி ஜோக்காகக்கூட எழுதாதீர்கள். ஆபீஸ் லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறக்கவும் வேண்டாம்.

கடைசிப் படி: சண்டையை மனுவாக எழுதுங்கள்

2015 மார்ச் 27 அன்று ட்ராய் ஒரு ஆலோசனைத் தாள் வெளியிட்டது. 118 பக்கம், 20 கேள்வி. எந்த ஆப்புக்குத் தனிக் கட்டணம், எதற்கு இலவசம் என்று தொலைபேசி நிறுவனங்கள் பிரிக்கலாமா என்பது அதன் சாரம். பலர் அந்தத் தாளை எளிமையாக்கி விளக்கினார்கள், அதை வைத்து ஜோக் அடித்தார்கள், வீடியோ போட்டார்கள். சிரித்தவர்கள் கையோடு கடிதமும் அனுப்பினார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. அந்த ஆண்டு இறுதியில் கட்டண வேறுபாடு பற்றித் தனியாக இன்னொரு தாள் வந்தது. அப்போது ஃபேஸ்புக் வழியாகப் பயனர்கள் அனுப்பிய ஒரே மாதிரிக் கடிதங்களைப் பற்றி, கேட்ட கேள்விகளுக்கு இவற்றில் பதில் இல்லை என்று ட்ராயே சுட்டிக்காட்டியது. 2016 பிப்ரவரி 8 அன்று பாரபட்சக் கட்டணத்தைத் தடை செய்யும் ஒழுங்குமுறை வந்தது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம்.

எனவே குழுவில் ஒரு நல்ல வாதம் முடிந்ததும், அது ஆலோசனையில் இருக்கும் விஷயமா என்று பாருங்கள். இருந்தால் கடைசித் தேதியைக் குழுவில் பின் பண்ணுங்கள். கேள்வி எண்ணைப் போட்டு, அதற்குக் கீழே உங்கள் பதிலை எழுதுங்கள். எல்லாக் கேள்விக்கும் எழுதத் தேவையில்லை; தெரிந்த இரண்டுக்கு எழுதினால் போதும். மற்றவர் எழுதியதை நகல் எடுக்காமல், உங்கள் அனுபவத்தில் ஒரு உதாரணம் சேருங்கள்: ஊரில் அப்பாவின் போனில் எந்த பேக் போடுகிறீர்கள், எந்த ஆப் எடுக்கவில்லை என்பதுபோல.

அனுப்பும்முன் ஒன்று. ட்ராய்க்குப் போகும் கருத்துகள் தளத்தில் வெளியாகும். 2015 ஏப்ரலில் கடிதம் அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்தே வெளியாகிவிட்டன. 2025 ஜனவரியில் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவுக்கு மைகவ் என்ற அரசுத் தளத்தில் கருத்துக் கேட்டபோது, வந்த கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று அமைச்சகம் சொன்னது. எது எப்படி என்று அறிவிப்பிலேயே இருக்கும். வெளியாகும் என்றால் வங்கிக்கும் வேலைக்கும் பயன்படுத்தாத தனி முகவரியிலிருந்து அனுப்புங்கள். கடிதத்துக்குள் போன் எண்ணையும் வீட்டு முகவரியையும் எழுதாதீர்கள்.